நாலு விரல் கீழே ஒரு ஊசி

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் கண் இரண்டும் அவிந்து போகட்டும். அத்தனையும் சத்தியம்!

கீங்ங்ங்...!

ஐ.சி.யூ. மானிட்டர் அலறியது.

கட்டிலில் மாதேஸ்வரன். போர்வெல் தோண்டும் ரிக் வண்டியின் முதலாளி. துருப்பிடித்த பைப் கிழித்த காயம்... கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது!

"மருந்து போய்ட்டிருக்கு," என்றார் டாக்டர் நந்தகுமார். "ஆனா கிருமிய எரிக்கறேன்னு உடம்பு தன்னையே எரிச்சுக்குது. முழங்காலுக்கு நாலு விரல் கீழ ஊசி குத்தி லேசா கரண்ட் விட்டா அந்த அழற்சி அடங்குதுன்னு எலிங்ககிட்டப் பாத்திருக்காங்க. மனுசனுக்கு உறுதியில்ல."

"இவரு எலிய விட மோசமுங்க. கேக்கும்!"

சொன்னவள் அன்புச்செல்வி. நாமகிரிப்பேட்டையில் அக்குபஞ்சர் பார்ப்பவள். கூட்டி வந்தது மாதேஸ்வரனின் மனைவி ரஞ்சிதா.

"ஏனுங்கக்கா, பழச நெனைக்காதீங்க..." என்றாள் ரஞ்சிதா.

"மறந்தாத்தானுங்க நெனைக்கறதுக்கு!"

பழசு இதுதான். இரண்டு வருடம் முன்பு, மாதேஸ்வரனின் ரிக்கில் கம்பிக்கயிறு அறுந்து விழுந்து செத்தான் அன்புச்செல்வியின் புருஷன் ராசப்பன். 'குடிச்சுட்டு ஏறுனான்' என்று கதை கட்டினான் முதலாளி. அன்றைக்கு ராசப்பன் கையில் மாரியம்மன் காப்பு! காப்புக் கட்டியவன் கறியைக்கூடத் தொடமாட்டான். காப்போடு குடித்தவன் பெண்டாட்டி என்று ஊரே அவளை ஒதுக்கியது.

ஊசி எடுத்தாள்.

கை அவன் நெஞ்சுப் பக்கம் போனது... நின்றது.

செத்தவன் வாய் திறக்கமாட்டானே!

முழங்காலுக்குக் கீழே குத்தினாள். தன் சின்னக் கரண்ட் பெட்டியின் ஒயரை அதில் மாட்டினாள்.

மூன்று நாள். காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் காலை கண் திறந்தான்.

"அன்பு... நீயா?"

"நானேதானுங்க." கரண்ட் பெட்டியின் திருகில் அவள் விரல். "இத முழுசாத் திருப்புனா அடங்குன கிருமியெல்லாம் முழிச்சுக்கும்."

பச்சைப் பொய்!

"வேண்டாஞ் சாமி!"

"எங்கூட்டுக்காரரு குடிச்சிருந்தாரா?"

"அ... ஆமா..."

திருகினாள்.

"ஐயோ! சுரீர்னு இழுக்குது! குடிக்கல! கயிறு பிஞ்சிருக்குன்னு சொன்னான்... நாந்தான் ஏறுடான்னு தள்ளுனேன்!"

திரை விலகியது. அவள் முன்பே சொல்லி வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் கலையரசன், கையில் ரெக்கார்டாகும் செல்போனுடன்! பக்கத்தில், தலை குனிந்தபடி கோயில் தர்மகர்த்தா வெங்கடாசலம்!

"இவனச் சாக உட்டிருக்கலாமே அம்மிணி?" என்றார் தர்மகர்த்தா.

"செத்தா ஒரே நாள்ல முடிஞ்சிருமுங்க. நல்லாத் தின்னு, தெம்பா நடந்து ஜெயிலுக்குப் போவட்டும். பசி எடுக்கறதுக்கும் அதே எடத்துலதான் ஊசி!"

வீடு திரும்பினாள் அன்புச்செல்வி. டிவி ரிமோட்டை அமுக்கினாள். ஒரே அமுக்கில் வேலை செய்தது.

செய்யாதா பின்னே? கரண்ட் பெட்டியின் பேட்டரி இரண்டும் ஒரு வாரமாக ரிமோட்டுக்குள்தான் இருந்தன.