கரித்தடத்தில் எறும்புகள்

போர்ட் பிளேர், 1974. ஞாயிறு மாலை. ஜங்லிகாட் மைதானத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த கண்ணம்மா, தன் கூடைமேலேயே கவிழ்ந்து செத்துக் கிடந்தாள். அவள் நெற்றியைப் பிளந்த பொம்மை விமானம் பக்கத்தில் கிடந்தது.

அதை ரேடியோவில் ஓட்டியவர் இன்ஜினியர் சிவஞானம். அவர் கை காட்டியது வயர்லெஸ் ஆபரேட்டர் மணியனை. "ஓரமா உக்காந்து தன் செட்டைப் போட்டான் ஸார். என் சிக்னல் கெட்டுப்போச்சு."

மணியன் செட்டைப் போட்டது உண்மை. அவனை இரவே லாக்கப்பில் தள்ளிவிட்டார்கள்.

திங்கள் காலை. விமானத்தின் வாலைத் திருப்பும் செர்வோவை சப்-இன்ஸ்பெக்டர் ஜம்புலிங்கம் ஸ்டேஷனில் சிவஞானத்தின் முன்னால் மேஜையில் வைத்தார். சின்னப் பெட்டி, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் கை.

"இதை யாராவது கழற்றினாங்களா?"

"சான்ஸே இல்ல. பக்கா ஜப்பான் மால். விமானம் வைக்கற அலமாரிச் சாவி என் இடுப்பை விட்டு இறங்காது. சம்சாரம்கூடத் தொட முடியாது."

ஜம்புலிங்கம் பேட்டரியை இணைத்தார். விமானத்தை ஓட்டும் ரேடியோவின் திருப்புக் குச்சி நடுவில்தான் இருந்தது. செர்வோவின் கையோ ஒரே ஓட்டமாக ஓரத்துக்குப் போய் முட்டி, அங்கேயே உறுமியது.

"மணியன் செட்டு பேட்டரி இல்லாம என் பீரோல கிடக்கு. இப்ப யார் கெடுக்கறா?"

செர்வோவின் மூடியைத் திறந்ததும் சிக்குப்பிடித்த தேங்காயெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. ஜம்புலிங்கம் முகத்தைச் சுளித்தார். உள்ளே ஒரு கரித்தடம். கை எங்கே நிற்கிறது என்று மோட்டாருக்குச் சொல்வது அதுதான். அதன்மேல் ஊரும் தகட்டு நாக்கு எழும்பிவிட்டால் மோட்டாருக்கு நிற்கத் தெரியாது. நாக்குக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கில் நசுங்கிய எறும்புகள், கூழாக.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். கை நடுவுக்கு வந்து அடக்கமாக நின்றது.

"உப்புக்காத்துக்குப் பயந்து இங்க பூட்டு, தையல் மிஷின் எல்லாத்துக்கும் தேங்காயெண்ணெய் விடறோம். ஜப்பான்காரன் விடுவானா? அந்த எண்ணெய்க்குத்தான் எறும்பு வந்திருக்கு. சாவி உங்க இடுப்புல. விட்டது நீங்கதான்."

"துரு பிடிக்கக் கூடாதுன்னுதான் ஸார்..."

"கோளாறு முன்னாடியே தெரியுமா?"

"நேத்துக் காலையில வீட்டுல ஒரு தடவை வால் ஓரமா இழுத்துச்சு. சாயங்காலம் வேடிக்கை பார்க்கப் பெரிய பெரிய ஆபீஸருங்க குடும்பத்தோட வந்துட்டாங்க. எப்படி நிறுத்தறது?" குரலைத் தாழ்த்தினார். "கடலைக்காரிதானே ஸார். பார்த்து எழுதுங்க."

ஜம்புலிங்கம் வாசல் பக்கம் திரும்பினார்.

"ஏட்டய்யா! மணியனை வெளிய விடுங்க. பாயைச் சுருட்டாதீங்க, இவரு படுக்கணும்."