அப்பாவின் கடிகாரமும் பச்சை விளக்கும்

மதியம் ஒன்றே முக்காலுக்குக் கடிகாரத்தைக் காணோம் என்று தெரிந்தது.

நேரமும் சரியில்லை, தெரிய வந்த ஆளும் சரியில்லை. அதை வாங்கிப்போக மேசைக்கு முன்னால் வந்து நின்றவர், அந்த மென்பொருள் நிறுவன மேலாளரின் அக்கா. குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். இன்று விடுப்பு, அதனால் காக்கி இல்லை. முறைப்பு மட்டும் அப்படியே இருந்தது. காலமான அப்பாவின் கைக்கடிகாரம் அது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழசு. மாதம் ஒருவர் என்று அக்கா தங்கை இருவரிடமும் மாறி மாறி இருக்கும். இன்று முதல் அக்காவின் முறை.

தங்கை இழுப்பறைகளை மூன்றாவது தடவையாகக் குடைந்தாள். சாப்பிடக் கிளம்பும்போது மேசைமேல்தான் வைத்தாளாம். அதே மேசைமேல் அவளுடைய பர்ஸ் கிடந்தது. ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய ஸ்மார்ட் வாட்ச் பக்கத்திலேயே சார்ஜில் இருந்தது. இரண்டையும் யாரும் தொடவில்லை.

அப்பாவின் நினைவாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அழுகை வந்தால் இன்ஸ்பெக்டர் அதட்டுவார், அப்படித்தான் பழக்கம்.

"யார் மேல சந்தேகம்? சட்டுன்னு சொல்லு."

தங்கை முடிவே கட்டியிருந்தாள். டெஸ்டர் பெண்தான். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்க ஒப்பந்தத்தில் எடுத்த பெண். ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. அவளை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று மேலாளர் மூன்று மணிக்குள் மேலிடத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். 'வேண்டாம்' என்று எழுதி வைத்தாயிற்று, பொத்தானை அமுக்குவதுதான் பாக்கி.

"ஆதாரம்?"

தங்கை சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினாள். அவளே கொண்டுவந்த ஏற்பாடு அது, அவளுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விளக்கு. கணினியில் கை அசைந்துகொண்டிருந்தால் பச்சை. ஐந்து நிமிடம் அசையாவிட்டால் மஞ்சள். மஞ்சள் என்றால் ஆள் சும்மா இருக்கிறார் என்று அர்த்தம். வாடிக்கையாளரிடமிருந்து வரும் அடுத்த புகார் அவர் தலையில் விழும். பச்சையில் இருப்பவரை மட்டும் யாரும் கூப்பிடக் கூடாது.

சாப்பாட்டு வேளையில் ஊரே மஞ்சள். ஒரே ஒரு பச்சை, சாமியாருடையது. யாரோடும் பேசாத புரோகிராமருக்கு அலுவலகம் வைத்த பெயர். இரண்டு மாதமாக அவர் விளக்கு மாறியதே இல்லை, சோறு தண்ணி மறந்து உழைக்கிறார் என்றாள் தங்கை. டெஸ்டர் பெண்ணும் சாப்பிடப் போகவில்லை. ஆனால் அவள் விளக்கு மஞ்சள்.

"கேட்டதுக்கு, ஹால்ல தான் மட்டும்தான் இருந்தேன்னு சொல்றாக்கா. சாமியார் நாலு வரிசை தள்ளி வேலை செஞ்சிட்டிருந்திருக்கார், ஸ்கிரீன்ல அப்படியே பதிவாயிருக்கு. எடுத்தவளுக்குத்தானே சாட்சியே இல்லைன்னு பொய் சொல்லத் தேவைப்படும்?"

"சாமியார் என்ன சொல்றார்?"

"இன்னும் கேக்கலை. பச்சையில இருக்கார், தொந்தரவு பண்ணக் கூடாது."

திருட்டு விசாரணையில் சாட்சியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் கேள்விப்பட்டது இதுதான் முதல் தடவை. தங்கையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டெஸ்டர் பெண்ணை வரச் சொன்னார்.

2.20. அவள் உட்காரவில்லை.

"சாப்பாட்டு நேரத்துல என்ன செஞ்சே?"

"யோசிச்சேன் மேடம்."

"எதை?"

"நம்ம ஆப் மூணு வாரமா சிலர்கிட்ட ஒரே பணத்தை ரெண்டு தடவை பிடிக்குது. அது எப்போ நடக்குதுன்னு."

"ஹால்ல வேற யாரும் இல்லைங்கறது நிச்சயமா?"

"யோசிச்சா நடப்பேன் மேடம். எல்லாரும் கிளம்பின பிறகு ஹாலை ரெண்டு சுத்து வந்தேன். ஒருத்தரும் இல்லை."

"காலையில யாராவது கடிகாரம் பத்திப் பேசினாங்களா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். தன் வாட்ச் நின்றுவிட்டது, பேட்டரி இருக்குமா என்று சாமியார் கேட்டாராம். அவர் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பதால் ஞாபகம் இருக்கிறதாம். பிறகு, கேட்காமலே சொன்னாள்: "வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான் மேடம். நான் எடுக்கலை." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டருக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

2.40. தங்கையின் கை பொத்தானுக்குப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பிடித்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றது நிஜம். உன் ஸ்கிரீன் சொல்றதும் நிஜம்."

"ரெண்டும் எப்படிக்கா நிஜமாகும்? ஆளே இல்லாம விளக்கு எரியுமா?"

"கண்ணால் காண்பதும் பொய்னு சொல்லி வச்சிருக்காங்க. நீ ஆளைக்கூடக் காணலையேடி, விளக்கைத்தானே கண்டே?"

இன்ஸ்பெக்டர் ஸ்மார்ட் வாட்ச்சைக் கையில் எடுத்தார். காசுக்காகத் திருடுகிறவன் இதை விடுவானா, பர்ஸை விடுவானா? மணி பார்ப்பதற்கு என்றால் ஆளுக்கொரு போன் இருக்கிறது. அப்படியானால் புதுசில் இல்லாத ஏதோ ஒன்று பழசில் இருக்க வேண்டும்.

"வினாடி முள். நிக்காம ஓடிட்டே இருக்கும். மவுஸுக்கு அடியில ஒரு கண்ணு இருக்கில்ல? அதைக் கடிகாரத்து மேல வச்சா, முள் ஓடறதைப் பார்த்துட்டு தான்தான் ஓடறோம்னு நினைச்சுக்கும். என் ஸ்டேஷன்லயே ஒரு எழுத்தர் இதைச் செஞ்சு என்கிட்ட மாட்டினார். வா, உன் சாமியாரைத் தரிசிப்போம்."

நான்கு வரிசை தாண்டிப் போனார்கள். நாற்காலியின் முதுகில் ஒரு சட்டை தொங்கியது. நாற்காலியில் ஆள் இல்லை. திரையில் அம்புக்குறி தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால், கைக்குட்டைக்கு அடியில் மவுஸ். மவுஸுக்கு அடியில் அப்பாவின் கடிகாரம். தங்கை அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் சாமியாரின் விளக்கு மஞ்சளாயிற்று.

அப்போது பழைய நாற்காலிகள் போட்டுவைக்கும் அறைக் கதவு திறந்தது. கையில் பென்சிலும் கிறுக்கிய அட்டைப்பெட்டித் துண்டுமாக, முகமெல்லாம் பல்லாக சாமியார் வந்தார். கடிகாரத்தைப் பார்த்ததும் பல் உள்ளே போய்விட்டது.

அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லோரும் சாப்பிடக் கிளம்பிய சந்தடியில் எடுத்தார். இத்தனை நாளும் தன் சொந்த வாட்ச்சை வைத்துத்தான் ஒப்பேற்றினார், காலையில் அது நின்றுவிட்டது. மேலாளர் திரும்புவதற்குள் வைத்துவிட நினைத்தார், கணக்கில் மூழ்கியதில் நேரம் போனதே தெரியவில்லை.

"ஏன் இப்படி?" என்றாள் தங்கை.

"யோசிச்சா மஞ்சளாயிடுதுங்க. மஞ்சளானா உடனே ஒரு புகார் வந்துடும். அதை முடிக்கறதுக்குள்ள யோசிச்சது மறந்துடும். அந்த ரூம்லதான் ரெண்டு மாசமா நான் வேலையே செய்யறேன்."

"உங்க நிம்மதிக்கு இந்தப் பொண்ணோட வேலை போக இருந்தது, தெரியுமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தெரியாது. அவர் முகம் வெளுத்தது. அந்தப் பெண்ணிடம் போய், தலையை நிமிர்த்தாமல் மன்னிப்புக் கேட்டார். அவள் அட்டைத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவை பணம் பிடிக்கறது இதனாலயா?"

"பாதி இதனால. மீதி பிடிபடலை."

"மீதி என்கிட்ட இருக்கு. நெட் விட்டு விட்டு வரும்போது மட்டும்தான் அது நடக்குது."

சாமியார் பென்சிலை அவளிடமே நீட்டினார்.

மணி மூன்றாக இரண்டு நிமிடம். தங்கை அறைக்கு ஓடி, 'வேண்டாம்' என்பதை அழித்து, 'நிரந்தரமாக்கவும், உடனே' என்று அடித்து அனுப்பிவிட்டு வந்தாள். எல்லோர் காதிலும் விழும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னாள்: "விளக்கைப் பார்த்தேன், உங்களைப் பார்க்கலை. தப்பு என்னோடது. நாளையிலேருந்து நீங்க நிரந்தரம்."

அந்தப் பெண்ணின் கண் அப்போதுதான் கலங்கியது. துடைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மணி நேரம் வேணும் மேடம். யாரும் கூப்பிடக் கூடாது."

அந்த நேரம் பார்த்துப் புகார்த் தொலைபேசி அடித்தது. ஹால் முழுக்க பச்சையைக் காப்பாற்ற விசைப்பலகைகள் படபடத்தன. மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே எடுத்தாள்.

"சொல்லுங்க, மேலாளர்தான் பேசறேன். இல்லைங்க, தொந்தரவெல்லாம் இல்லை. சும்மாதான் இருக்கேன்."