ஒரு 'டி' போட மறுத்தவன்

"வழியில நின்னா எப்படிங்க?"

மழைக்குப் பயந்து குடையை மடக்காமலே டப்பிங் ஸ்டுடியோவுக்குள் பாய்ந்தவள்தான் அதட்டினாள். தண்ணீர் முழுக்க எதிரே நின்றவன் சட்டையில்... தப்பும் அவளுடையது, கோபமும் அவளுடையது!

"உங்க குடைக்கு நான்தாங்க ஒதுங்கியிருக்கணும்... மன்னிச்சிடுங்க."

அம்மாடி, என்ன குரல்! ஈர இமைகளுக்குள் சிரித்த அந்தக் கண்களை ஒரு நொடி பார்த்தாள்... சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன்தான் இன்று கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பவன் என்று உள்ளே போனபிறகுதான் தெரிந்தது. அவள் வசனம் எழுதுபவள். வெளிநாட்டுப் படம். மதியம்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

கடைசிக் காட்சியில் வந்தது வினை. படத்தில் நாயகன் காதலியைக் செல்லமாய் ஒரு சின்ன வார்த்தை சொல்லிக் கூப்பிடுகிறான். முதலில் 'கண்ணே' என்று எழுதியிருந்தாள். காலையெல்லாம் அவன் குரலைக் கேட்டபின், என்ன தோன்றியதோ, அதை அடித்துவிட்டு 'என்கூடவே இருந்துடுடி' என்று மாற்றிவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், குரல் பதியும் அறையில் நின்றவன் தாளைப் பார்த்து முகம் சுளித்தான்.

"இந்த 'டி' வேணாங்க."

"ஏன்? 'அடி'ங்கிறதுதாங்க தேய்ஞ்சு 'டி' ஆச்சு. மலையாளத்துல 'எடீ', தெலுங்குல 'ஒசேய்', கன்னடத்துல 'லே'... எல்லா ஊர்லயும் நெருக்கமானவங்களைக் கூப்பிடுறதுதானே?"

"எங்க வீட்ல அப்பா அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாரு. கூப்பிட்ட கையோட அடி விழும். நான் எந்தப் பொண்ணையும் அப்படிக் கூப்பிட்டதில்ல... கூப்பிடவும் மாட்டேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் எழுதியவளின் வீம்பு விடுமா?

"நான் மாத்த மாட்டேன்!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் ஹெட்போனில் கேட்கும்படி பேசவைக்கும் பட்டனை ஓங்கி அமுக்கிச் சொன்னாள். அவன் ஹெட்போனைக் கழற்றாமலே திரும்பி உட்கார்ந்துகொண்டான். 'வேற ஆளைப் பார்த்துக்கோங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவானோ என்று அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவாளர், "நீங்களே பேசி முடிங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அக்காவிடமிருந்து போன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா... எல்லாத்தையும் சொதப்பிட்டேன். நம்ம அப்பா அம்மாவை 'என்னடி, சாப்பிட்டியா'ன்னு கேட்கிறப்ப எவ்ளோ ஆசையா இருக்கும்... அதே வார்த்தை ஒரு வீட்ல அப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியல. படத்துக்காகவா எழுதினேன்? அந்தக் குரல்ல ஒரே ஒரு தடவை கேட்கணும்னு எனக்கு ஆசைக்கா... அதான். போகட்டும், அடிச்சிடறேன். அவர் மனசைவிட ஒரு வார்த்தை பெருசா?"

போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது... பட்டனில் எரிந்த சிவப்பு விளக்கு. ஓங்கி அமுக்கிய பட்டன் மேலே எழும்பவே இல்லை!

ஐயோ... எல்லாம் அவன் காதுக்குள்ளேயே போயிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் எழுந்து நின்றிருந்தான். கண்கள் கலங்கியிருந்தன. மைக் அருகே வந்தான்.

"அடிக்காதீங்க... ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்கு வலிச்சா உடனே நிறுத்தச் சொல்லுங்க."

தலையாட்டினாள்.

அவன் தொண்டையைச் செருமினான். இன்று முழுக்கத் தடுமாறாத குரல் முதல்முறையாகத் தடுமாறியது.

"என்கூடவே... இருந்துடுடி."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரையைப் பார்த்தாள். இருட்டாக இருந்தது.

"படம் இன்னும் ஓடவே இல்லியே..."

"படத்துக்குச் சொல்லலைங்க."

வெளியே மழை விட்டிருந்தது. இங்கே அவள் கன்னத்தில்தான் விடவில்லை. அவன் பதறிப்போய்க் கண்ணாடியில் கை வைத்தான்.

"வலிச்சுடுச்சா?"

இல்லையென்று தலையசைத்தாள். சிவந்த முகத்தோடு, இன்னும் எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கின் பக்கம் மெல்லக் குனிந்தாள்.

"வலிக்கலடா..."