பக்கத்து சீட்டுக்காரி

பாட்டுதான் முதலில் வீட்டுக்கு வரும்.

காளவாசல் பைபாஸிலிருந்து கார் சந்துக்குள் திரும்பும்போதே அடுப்படி ஸ்டாண்டில் இருக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி முனகத் தொடங்கிவிடும். பிறகு அந்த அடி தரை வழியாக வந்து ஜெயக்கொடியின் உள்ளங்காலில் ஏறும். தம், தம், தம். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு அசையாமல் நிற்பாள். கார் வாசலை நெருங்கியதும் பாட்டு சட்டென்று அறுந்துபோகும். யாரோ ஒருவரை வழியிலேயே இறக்கிவிட்டு வந்த மாதிரி, எதுவுமே நடக்காத முகத்துடன் அசோக்குமார் படியேறுவான்.

எதுவும் நடக்காத முகம் என்று அவன்தான் நினைத்துக்கொண்டான். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். கண் மின்னும். ஆரப்பாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்த மனிதனின் முகமாக அது இருக்காது. பட்டறையிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம். அவன் வந்து சேர ஒன்றரை மணி நேரமானது.

"எங்கிட்டுப் போனீங்க?"

"சும்மா, அலங்காநல்லூர் ரோட்டுல ஒரு ரவுண்டு."

"ஏசி போட்டுக்கிட்டு வரவேண்டியதுதான? இப்படி நனைஞ்சு வாரீங்க."

"கண்ணாடிய எறக்கி விட்டாத்தான் ஓட்டுன மாதிரி இருக்கு, கொடி."

கார் வந்து மூன்று மாதம் ஆகிறது. பழைய வண்டிதான், மெரூன் நிறம், உடம்பில் ஒரு கீறல் இல்லை. முன்பு வைத்திருந்தவன் டிக்கி முழுக்க ஸ்பீக்கர் பெட்டி அடைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அசோக்குமார் அவளை அதில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கோ அம்மா வீட்டுக்கோ போவான். நாற்பதைத் தாண்ட மாட்டான். பாட்டுப் போட மாட்டான். வேகத்தடை தெரிந்தால் அரை பர்லாங்குக்கு முன்பே பிரேக்கை மிதிப்பான். முட்டை ஏற்றிய வண்டி மாதிரி அவளைக் கொண்டுபோய், முட்டை மாதிரியே இறக்கி வைப்பான்.

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அவனிடம் ஒரு பைக் இருந்தது. அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, காற்றில் கண்ணைத் திறக்க முடியாமல், "இன்னும், இன்னும்" என்று அவன் தோளில் குத்துவாள் ஜெயக்கொடி. ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. பைக்கில் போனதுதான் என்று சொந்தபந்தமெல்லாம் சொன்னது. அது இல்லை என்று டாக்டர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் பைக்கை விற்றான். ஒன்பது வருடமாக அவளிடம் சத்தம் போட்டுச் சிரித்ததுகூட இல்லை. அவள் கார் ஓட்டப் பழகி வாங்கிய லைசென்ஸ் பீரோவுக்குள் கிடந்தது. "நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு?" என்பான்.

பக்கத்து சீட்டைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஏறும்போது அந்த சீட் பின்னால் சாய்ந்திருந்தது. காலை நீட்டி, தலையைப் பின்னால் போட்டு உட்காரும் ஒருத்தியின் சாய்வு. ஜெயக்கொடி அதை நிமிர்த்துவாள். அடுத்த வாரம் மறுபடியும் சாய்ந்திருக்கும். வெயில் மறைக்கும் தட்டி கீழே இறங்கி, அதன் பின்னாலுள்ள சிறு கண்ணாடி திறந்திருக்கும். ஆண்பிள்ளை யார் அந்தக் கண்ணாடியைப் பார்க்கப் போகிறான்? சீட்டில் ஒரு வாசம். சென்ட் அல்ல. அப்போதுதான் பிழிந்த கரும்பின் பச்சை இனிப்பு.

வெள்ளிக்கிழமை அவன் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். இலைப் பொட்டலம் ஒன்றுதான் கையில் இருந்தது. சந்துமுனைப் பூக்காரி முருகம்மாள் மறுநாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "என்னத்தா, தம்பி வாரா வாரம் ரெண்டு பொட்டலமா வாங்கிட்டுப் போகுது. தலைக்கு ஒண்ணு, கொண்டைக்கு ஒண்ணா?"

ஜெயக்கொடியும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தலையிலிருந்த பூவை உருவிப் போட்டாள். அவளை வேதனைப்படுத்தியது பூ அல்ல. என்னைப் பத்திரமாக வைத்திருக்கிறான், அவளைச் சந்தோஷமாக வைத்திருக்கிறான் என்ற எண்ணம். எவளாக இருந்தாலும் அவளுக்குக் கிடைத்தது தன்னுடைய பழைய அசோக்குமார். அந்த இடுப்பு, அந்தக் காற்று, அந்த "இன்னும், இன்னும்". திருட்டுப்போன பொருளை அடுத்தவள் கழுத்தில் பார்ப்பது போல அவளுக்கு எரிந்தது.

அவள் புரோக்கர் பாண்டிராஜைத் தேடிப் போனாள். காரை முடித்துக்கொடுத்தவன் அவன்தான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடையில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"வாங்க மதினி. அண்ணே நல்லாருக்காரா? வண்டி எப்படி ஓடுது?"

"வண்டி ஓடுது. கூட யாரு ஓடுறான்னு தெரியணும்."

"அண்ணனா? அட போங்க மதினி, அவருக்கு மோட்டாரத் தவிர எதையும் கட்டத் தெரியாது." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"யாரு வண்டி அது? மறைக்காமச் சொல்லு தம்பி."

அவன் டீயைக் கீழே வைத்தான். குரல் இறங்கியது.

"கல்யாணமாகி நாலு மாசம் மதினி. சரண்யாதேவின்னு பேரு. புருசன்காரன் பக்கத்துல ஒக்காந்து, பாட்டச் சத்தமா வச்சு, வெரட்டச் சொல்லிக்கிட்டே இருக்குமாம். அலங்காநல்லூர் ரோட்டுல, வாய்க்கால் பாலத்துக்கிட்ட, கரும்பு ஏத்துன டிராக்டர ஓவர்டேக் எடுத்திருக்கான். இந்தப் பொண்ணு பெல்ட்டு போடல. ஜன்னலு வழியா இடுப்பு வரைக்கும் வெளிய வந்து ஆடிக்கிட்டு இருந்திருக்கு." அவன் கையை ஒருமுறை குறுக்கே வீசிக் காட்டினான். "வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல மதினி. கரும்புச் சாறு மட்டும்தான். மூணு தடவ கழுவுனோம்."

டீக்கடை பாய்லர் இரைந்துகொண்டிருந்தது.

"அவருக்குத் தெரியுமா?"

"அண்ணேட்ட சொல்லித்தான் குடுத்தேன். அதான் முனியாண்டி கோயில்ல பூசை போட்டோம். நீங்கதான் அன்னைக்கு வீட்டுக்குத் தூரம்னு வரலேல்ல. பூசாரி கேட்டாரு, பக்கத்துல ஒக்கார வேண்டியவுக எங்கன்னு. வீட்ல வர முடியலன்னாரு அண்ணே. அப்ப அவுக சீட்டுக்குக் குங்குமம் வச்சு, பூவப் போட்டு, நீதான் இங்க ஒக்காரணும்னு மனசுல சொல்லிக்கன்னாரு. அண்ணே அப்படியே செஞ்சாரு."

ஜெயக்கொடிக்குப் புரிந்தது. அவளுக்காக வைத்த பூ. அவளுக்காக வைத்த குங்குமம். அவளைக் கூப்பிட்ட கூப்பாடு. அவள் அங்கே இல்லை.

சீட் காலியாகவும் இல்லை.

அன்று இரவு சாப்பாட்டில் கைவைத்தபடி கேட்டாள். "வண்டியக் குடுத்துருவோமா?"

"குடுக்க மாட்டேன்."

"வண்டியையா, அவளையா?"

அவன் மறுக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மறுத்திருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

"பேசுமா?" என்றாள் மெதுவாக.

"பேசாது." அவன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் அந்த மினுமினுப்பு. "சிரிக்கும். நூறத் தாண்டுனாத்தான் கேக்கும். முந்தியெல்லாம் நூறு போதும். இப்ப நூத்திப் பத்து வேண்டியிருக்கு."

அடுத்த வாரம் நூற்று இருபது. அதற்கடுத்த வாரம்? அவன் ஒருநாள் அந்தச் சிரிப்பின் பின்னாலேயே போய்விடுவான். ஜெயக்கொடி தூங்கவில்லை. அவனுக்காகப் பயந்தாளா, அவன் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று எரிந்தாளா என்று தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே இடத்தில்தான் வலித்தது.

ஞாயிறு மதியம். கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து அவன் அயர்ந்து தூங்கினான். அவள் பீரோவைத் திறந்து லைசென்ஸை எடுத்தாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். செய்ய வேண்டியது அவளுக்குத் தெளிவாக இருந்தது. அந்தப் பாலத்துக்குப் போக வேண்டும். இடது கதவைத் திறந்து, "இறங்கு" என்று சொல்ல வேண்டும். பெண்டாட்டி சொன்னால் இறங்கித்தான் ஆகவேண்டும். பிறகு தன் சீட்டில் தான் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

வைகைப் பாலத்தைத் தாண்டும்வரை அவளுக்கு கிளட்ச் மட்டுமே நினைவிலிருந்தது. ஊர் மெல்லக் கழன்று, தென்னந்தோப்புகளும் கரும்புக் காடுகளும் தொடங்கின. வடக்கே சிறுமலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ரோட்டில் ஆள் இல்லை. காருக்குள் இன்ஜின் சத்தமும் அவள் மூச்சும் மட்டும்.

அப்போது மணி அடித்தது.

டிங். டிங். டிங்.

முன்பலகையில் சிவப்பாக ஒரு சிறு விளக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சொல்லும் விளக்கு.

ஜெயக்கொடி திரும்பிப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணில் சீட் காலியாகத்தான் இருந்தது. மெத்தையில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

கரும்பு வாசம் வந்தது.

"உன்னை எறக்கி விடத்தான் வந்திருக்கேன்," என்றாள். "எம் புருசன் பக்கத்துல ஒனக்கு என்ன வேல?"

டிங். டிங். டிங்.

அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான் பாட்டைப் போட்டாள். அப்படித்தான் அவள் பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு அறிய வேண்டியிருந்தது. அவன் தன்னிடம் காட்டாமல் வைத்திருந்தது என்ன? ஒரே ஒரு பாட்டு.

முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி விழித்தது. அடி முதுகெலும்பில் ஏறி விலா எலும்புகளுக்குள் நிறைந்தது. கால் தானாக அழுத்தியது. எழுபது. எண்பது. மரங்கள் மரங்களாக இல்லாமல் பச்சைக் கோடாயின. ஒன்பது வருடமாக அவள் மேல் போர்த்தியிருந்த ஏதோ ஒன்று தோளிலிருந்து நழுவிக் காற்றோடு போனது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

தொண்ணூற்றைந்து.

ஒலிக்குமிழ் யாரும் தொடாமல் வலப்பக்கம் திரும்பியது.

நூறு.

ஜெயக்கொடி சிரிப்பை நிறுத்தினாள்.

சிரிப்பு நிற்கவில்லை.

இளம் சிரிப்பு. இருபத்திரண்டு வயது இருக்கலாம். அதில் வஞ்சம் இல்லை, புருஷனைப் பிடுங்கும் திமிர் இல்லை. ராட்டினத்தில் ஏறிய பிள்ளையின் சிரிப்பு. கியர் மேலிருந்த ஜெயக்கொடியின் கைமீது ஈரமான, பனிக்கட்டி போன்ற இன்னொரு கை படிந்து, மெல்லத் தட்டியது.

இன்னும். இன்னும்.

முன்னால் வாய்க்கால் பாலம் தெரிந்தது. பாலத்துக்கு முன்னால், ரோட்டை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, கரும்பு ஏற்றிய டிராக்டர்.

இடது ஜன்னல் கண்ணாடி இறங்கத் தொடங்கியது.

பிரேக் போட்டிருக்க வேண்டும். கால் கேட்கவில்லை. வண்டி வலப்பக்கம் ஒதுங்கி ஏறியது. டிரெய்லரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரும்பு நுனிகள் ஈட்டிகள் மாதிரி நெருங்கின. பக்கத்து சீட்டின் பள்ளம் நிமிர்ந்தது. பாரம் ஜன்னல் பக்கமாகச் சாய்வதை, கார் இடப்பக்கம் லேசாக அமுங்குவதை, ஜெயக்கொடி உணர்ந்தாள்.

அவள் வெளியே போகப் போகிறாள். மறுபடியும்.

விட்டுவிட்டால் போதும். இதற்காகத்தானே வந்தது.

"அடியே, பெல்ட்டப் போடுடீ!"

அலறியது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிவதற்குள் இடது கை பாய்ந்துவிட்டது. எங்கேயோ பெல்ட்டைப் பற்றியது, காலி சீட்டின் குறுக்கே இழுத்தது, குத்தியது. க்ளிக். கரும்பு நுனிகள் ஜன்னலுக்குள் புகுந்து சடசடவென்று உரசி, தோகை துண்டு துண்டாகப் பறந்து, வெளிச்சம் வந்தது. டிராக்டர் பின்னால் போயிருந்தது. பாலமும் பின்னால் போயிருந்தது.

மணி நின்றிருந்தது.

பாட்டும் நின்றிருந்தது.

ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள்.

பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. நடுவில் எதையோ அணைத்துக்கொண்டு விலகி நின்றது. மெதுவாக உயர்ந்தது. மெதுவாகத் தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது.

ஓடி ஓய்ந்த பிள்ளை மூச்சு வாங்குவது மாதிரி.

ஜெயக்கொடி இடது கதவைத் திறக்கவில்லை. "இறங்கு" என்று சொல்லவுமில்லை.

வீடு திரும்பியபோது அசோக்குமார் வாசலில் வெறுங்காலோடு நின்றான். "எங்க போன? உனக்கு எதுவும் ஆயிருந்தா..." என்று தொடங்கியவனின் கண் அவளைத் தாண்டி இடது ஜன்னலுக்குப் போனது.

"பயப்படாதீங்க," என்றாள் ஜெயக்கொடி. "பெல்ட்டு போட்டு விட்டுட்டேன்."

மறுநாள் திங்கட்கிழமை. அவன் காரை எடுத்துக்கொண்டு போவதை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தாள். அதே எரிச்சல் நெஞ்சில் ஏறியது. ஆனால் இந்தத் தடவை அது அந்தப் பெண் மீது இல்லை. என்னுடையவளை எங்கே கூட்டிக்கொண்டு போகிறான் இவன்? நினைத்ததும் பகீரென்றது. நினைப்பு மட்டும் போகவில்லை.

மதியமே அவன் திரும்பி வந்துவிட்டான். சட்டை நனையவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"நூத்தி முப்பது வரைக்கும் போனேன், கொடி. ஒண்ணுமில்ல. வெறும் வண்டியா இருக்கு." குரல் உடைந்தது. "எங்க எறக்கி விட்ட அவள?"

"நான் எறக்கலையே."

அந்த நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. மாசி வெயில் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தது. சுவரில் காலண்டர் தாள்கூட அசையவில்லை. ஜெயக்கொடி அவன் எதிரே நின்றாள்.

அவன் தலையை உயர்த்தினான். அவன் கண் அவள் முகத்தில் நின்று, மெல்ல விரிந்தது.

காற்றில்லாத அந்த அறையில் கரும்பு வாசம் பரவ, அவள் நெற்றி முடி எழுந்தது. பிறகு பின்னல் அவிழ்ந்து, கூந்தல் முழுவதும் பின்னோக்கிப் படபடத்துப் பறந்தது. அவள் கண்ணைத் திறக்க முடியாமல் இடுக்கிக்கொண்டாள்.