நீல நாக்கு நக்கிய சாவு

வெங்கடம்மாளின் அலறல் ஜூஜுவாடி ரோட்டில் போன லாரியை நிறுத்தியது.

அரணைக் கொட்டகையைக் கூட்ட வந்தவள். உள்ளே முதலாளி ராயப்பன் மல்லாந்து கிடந்தார். பிணமாக!

நெஞ்சின் மேல் முழங்கை நீளத்துக்கு ஓர் அரணை. நாக்கை நீட்டியது.

மசி நீலம்...

தம்பி அருள்ஜோசப் மனசுக்குள் சிரித்தான்.

அண்ணன் கப்பலில் வேலை பார்த்தபோது ஆஸ்திரேலியாவில் இருந்து கொண்டுவந்த ஜோடி. முட்டையிடாத சாதி, குட்டி போடும். இப்போது கொட்டகை நிறையக் குட்டிகள். நத்தையும் வாழைப்பழமும் ஊட்டுவார். இடத்தைக் கேட்டு பெங்களூர்க் கம்பெனிக்காரன் நடையாய் நடந்தான்.

"குட்டிங்க எங்கடா போவும்?" என்றார் அண்ணன்.

ஃபாக்டரி வர வேண்டிய மண்ணில் ஊர்வன வளர்க்கிற முட்டாள்!

காலைக் காப்பியில் முலாம் பட்டறை சயனைடு. பிறகு நெஞ்சில் ஓர் அரணை. நக்கினால் சாவு என்று ஊரே நம்புகிறது. போதாதா?

எஸ்.ஐ. பெருமாள் வந்தார். தொப்பை, வெற்றிலை வாய். இந்த மூஞ்சியா துப்புத் துலக்கப்போகிறது?

"நக்கிடுச்சிங்க" என்றான் அருள்ஜோசப். "எனக்கு அந்தச் சனியனப் பாத்தாலே உசுரு போவும். கொட்டாய்ல காலே வெச்சதில்லீங்க."

கான்ஸ்டபிள் இரண்டடி பின்வாங்கினார். வெங்கடம்மாள், இதுங்க ஆகாது என்று தான் அன்றைக்கே சொன்னதாக மாரில் அடித்துக்கொண்டாள்.

பெருமாள் குனிந்து பிணத்தின் வாயை மோந்தார். காப்பி வாடையோடு கசப்பு பாதாம் நெடி. துண்டால் அரணையைத் தூக்கினார்.

அப்படியே அருள்ஜோசப் மேல் வீசினார்!

கான்ஸ்டபிள் வாசலைத் தாண்டி ஓடினார். வெங்கடம்மாள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினாள்.

அருள்ஜோசப் பிடித்தான்.

ஒரு கை வயிற்றுக்கு அடியில். இன்னொன்று பின்னங்காலுக்கு முட்டுக்கொடுத்து. வெங்கடம்மாள் வராத ஞாயிறுகளில் அண்ணன் பழக்கிய பிடி... கை தானாகச் செய்தது. அரணை துள்ளாமல் அடங்கியது. அவன் மணிக்கட்டை நிதானமாக நக்கியது.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"பயந்தவன் கீழ போட்டுட்டு ஓடிருப்பான்" என்றார் பெருமாள். "நீங்க புள்ளயாட்டம் ஏந்தறீங்க. நக்கிச்சே, பதறக்கூட இல்ல?"

அருள்ஜோசப் அரணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"கொல்லாதுன்னு தெரிஞ்சவன்தான் அத நெஞ்சு மேல வெச்சிருப்பான்."

கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, காப்பி லோட்டாவைக் கழுவாமல் எடுத்து வரச் சொன்னார். அருள்ஜோசப் இன்னும் அரணையைக் கீழே விடவில்லை.

பெருமாள் வெற்றிலையைத் துப்பினார்.

"வருத்தப்படாதீங்க. சர்க்கார் தூக்குக் கவுறு நக்காமலே கொல்லும்."