எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறேன்

திங்கட்கிழமை காலை. கனகவல்லி இட்லிப் பானையைக்கூட இன்னும் அடுப்பிலிருந்து இறக்கவில்லை. அதற்குள் பம்மலிலிருந்து நாத்தனார் காமு வந்து நின்றாள். வாசலில் செருப்பை உதறிய வேகத்திலேயே தெரிந்துவிட்டது, விருந்தாட வரவில்லை என்று.

"வாங்கக்கா... காபி போடட்டுமா?"

"உன் காபி இன்னாத்துக்குடி எனக்கு? நேத்து பூரா அந்தப் பொண்ணு ஷீலா உனக்குப் போன் போட்டுப் போட்டு அழுதுகினு கீது! நீ எடுத்தியா? புள்ளத்தாச்சிப் பொண்ணுடி அவ!"

கனகவல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. "போனா? நேத்து ஒரு போன்கூட வரலியேக்கா! நான் அது பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன்!"

"பொய் சொல்லாத! நீயே பேசினியாமே... 'தற்போது பேச இயலாது'ன்னு! பேப்பர்ல எழுதி வச்சுப் படிக்கிற மாதிரி! எப்பிடிடி மனசு வந்துச்சு உனக்கு?"

குளியலறைக் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்த குப்புராஜ், பாதி முகத்தில் நுரையோடு கூடத்துக்கு வந்தார். அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். இந்த மாதிரி நேரங்களில் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பது கிழக்குத் தாம்பரத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும்.

ஷீலா குப்புராஜின் கடைசித் தங்கை. அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது தாய் போய்விட்டாள். கனகவல்லி அப்போது கல்யாணமாகி வந்த புதுப்பெண். டெலிபோன் ஆப்பரேட்டர் வேலைக்குத் தேர்வாகி, எக்ஸ்சேஞ்சில் பயிற்சியும் எடுத்துக்கொண்டிருந்தாள். குரல் வெண்கல மணி போல இருக்கிறது என்று சூப்பர்வைசரே மெச்சியிருக்கிறார். ஆனால் மூத்தவள் காமுவுக்குப் பம்மலில் சொந்தக் குடும்பம், கைக்குழந்தை. வீட்டில் தலை வாரிவிடக்கூட ஆளில்லாமல் ஒரு பெண்குழந்தை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. கனகவல்லி யாரையும் கேட்கவில்லை. வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சீப்பை எடுத்து அந்தக் குழந்தைக்குச் சடை பின்ன உட்கார்ந்தாள். பிறகு எழில் பிறந்தான்; அவனையும் சேர்த்து அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்றுதான் கணக்கு.

அந்தப் பயிற்சியில் மிஞ்சியது ஒரு விளையாட்டு மட்டும்தான். சாப்பிட அடம்பிடிக்கும் ஷீலா, காலி டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ, எக்ஸ்சேஞ்சா?" என்பாள். கனகவல்லி குரலை நிமிர்த்திக்கொண்டு, "வணக்கம். தங்களுக்கு எந்த எண் வேண்டும்?" என்பாள்.

"அம்மா நம்பர்."

முதல் தடவை அதைக் கேட்டபோது கனகவல்லியின் கையிலிருந்த சோற்று உருண்டை பாதியில் நின்றது. ஆனாலும் விடவில்லை. "இணைப்பு கிடைத்துவிட்டது, பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு, குரலைக் குழைத்து, "கண்ணு... சாப்பிட்டியாடா?" என்று தானே பேசினாள். குழந்தை வாயைத் திறந்தது. அதற்கப்புறம் பல நாள் சோறு அப்படித்தான் இறங்கியது. விளையாட்டு முடிந்ததும் மறுபடி அண்ணிதான். ஷீலா அவளை வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை, கனகவல்லியும் எதிர்பார்த்ததில்லை. எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வாள்.

இப்போது ஷீலா முடிச்சூரில், சாம்பசிவனின் மனைவி. ஏழாம் மாதம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு இங்கே வரவேண்டும். கனகவல்லி பின்னறைக்கு வெள்ளையடித்து, பழைய புடவைகளைத் துவைத்துக் கிழித்துக் குழந்தைத் துணியாக மடித்து, கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்துவிட்டாள். முடிச்சூரிலிருந்து தேதி சொல்லவேண்டியதுதான் பாக்கி.

"தேதி சொல்லத்தான்டி கூப்ட்டாங்க!" காமுவின் குரல் உடைந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை நாள் நல்லா கீதாம். நீங்க சரின்னு சொன்னா சமையல்காரருக்குச் சொல்லணும். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடிச்சிருக்கா. அவ மாமியாக்காரி இன்னா சொன்னா தெரியுமா? 'பெத்த தாயா இருந்தா இப்பிடிப் பண்ணுவாளா? தாய் வூடும் வேணாம் ஒண்ணும் வேணாம், வளைகாப்பு, பிரசவம் எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்'ன்னுட்டா. ஷீலா எனக்குப் போன் போட்டு ஒரே அழுகை! அண்ணி அண்ணிதான்டி கனகா... பெத்தவளா ஆயிடுவாளா?"

எல்லாம் அந்தப் புதுப் போனால் வந்த வினை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் எழில், நண்பன் மூலமாகச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த கார்ட்லெஸ் போன். சனிக்கிழமைதான் கொண்டுவந்து மாட்டினான். ஒயர் இல்லாமல் ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு கிணற்றடி வரை நடக்கலாம். ஆளில்லாவிட்டால் அதுவே பேசி, சொல்வதைப் பதிவு செய்துகொள்ளும். "அம்மா குரல்லயே பதிவு பண்ணுவோம்!" என்றான். கனகவல்லி வெட்கப்பட்டாள். அப்புறம் புடவையைச் சரிசெய்துகொண்டு, ஏதோ எக்ஸ்சேஞ்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் மாதிரி, "வணக்கம். இது குப்புராஜ் அவர்களின் இல்லம். தற்போது தங்களுடன் பேச இயலாத நிலையில் உள்ளோம். ஒலி கேட்டபின் தங்கள் செய்தியைக் கூறவும்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். போட்டுக் காட்டியபோது சத்தம் தெருவுக்கே கேட்டது. குப்புராஜ்தான் ஸ்டாண்டில் இருந்த சத்தக் குமிழை ஒரேயடியாகக் குறைத்து வைத்தார்.

கிளம்பும்போது எழில் படித்துப் படித்துச் சொன்னான். "மணி ரிசீவர்லதாம்மா அடிக்கும், ஸ்டாண்ட்ல அடிக்காது. பேட்டரி நல்லா ஏறணும். திங்கக்கிழமை வரைக்கும் ஸ்டாண்ட்லயே கிடக்கட்டும். மணி அடிச்சா மட்டும் எடுங்க. சிவப்பு லைட் எரிஞ்சா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தது மட்டுமா, கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது! எவ்வளவு ஜோராகச் சார்ஜ் ஏறுகிறது என்று கனகவல்லிக்கு ஏகப் பெருமை. ஞாயிறு தவறாமல் கூப்பிடும் ஷீலா ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். பீர்க்கன்கரணையில் கிரகப்பிரவேசத்துக்குப் போன குப்புராஜ் இருட்டிய பிறகுதான் வந்தார்.

"அக்கா, அது மெஷினு," என்றார் குப்புராஜ். "நாம எடுக்கலைன்னாதான் அது பேசும்." சொல்லிவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார். "ஆமா... நீ ஏன் எடுக்கல?"

"அடிக்கவே இல்லீங்க!"

"புதுப் போனு அடிக்காமப் போகுமா? அவ இத்தனை தடவை கூப்பிட்டிருக்கா... வேணும்னே விட்டுட்டியா? பிரசவம்னா மாசக்கணக்குல தூக்கம் போகும், சீக்குப் பார்க்கணும், அதெல்லாம் இப்போ முடியாதுன்னு..."

அவருக்கே அந்த வார்த்தை அதிகம் என்று தெரிந்திருக்கவேண்டும். பாதியில் நிறுத்தினார். ஆனால் விழவேண்டியது விழுந்துவிட்டது.

"இதை நீங்க சொல்லலாமாங்க?" கனகவல்லியின் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. "அவளுக்கு அம்மை போட்டப்ப வேப்பிலையை வச்சுக்கிட்டு யாருங்க உக்காந்திருந்தா? ஊரு ஆயிரம் சொல்லட்டும்... இந்த வீட்ல, உங்க வாயாலயா நான் இதைக் கேக்கணும்?"

குப்புராஜின் முகத்தில் இருந்த நுரை காய்ந்துகொண்டிருந்தது.

கனகவல்லி உள்ளே போனாள். அடுப்பை அணைத்தாள். முகம் கழுவி, பீரோவிலிருந்து வளையல் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் முடிச்சூர் போறேன். அந்தம்மா என்ன வேணா சொல்லிக்கட்டும். என் பொண்ணு முகத்தைப் பார்த்துட்டு வந்துடறேன். வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பறேன்."

ரிசீவரை எடுத்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினாள். சின்ன வெளிச்சம்கூட வரவில்லை. செத்துக் கிடந்தது.

"சார்ஜே ஏறலியா?" குப்புராஜ் கிட்டே வந்தார். "லைட்டு மின்னுதே!"

கனகவல்லி ஸ்டாண்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரிசீவர் உட்காரும் குழியின் அடியில், அதற்குச் சார்ஜ் ஏற்றும் இரண்டு சின்னச் செப்புத் தகடுகள். அவை இருந்த இடத்தில், அழகாக, வட்டமாக, காய்ந்து இறுகிப் போன இரண்டு சந்தனப் பொட்டுகள். நடுவில் குங்குமம்.

வீட்டுக்கு எந்தப் புதுச்சாமான் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பது குப்புராஜின் வேலை. மிக்சி, பிரிட்ஜ், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார் எதையும் விட்டதில்லை. எங்கே பளபளவென்று இருக்கிறதோ அங்கே வைப்பார். சனிக்கிழமை எழில் கிளம்பிப் போன கையோடு, ரிசீவரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, போனுக்கும் பக்தியோடு வைத்திருக்கிறார். போனில் பளபளவென்று இருந்தது அந்த இரண்டு தகடுகள்தான்!

கனகவல்லி நகத்தால் சுரண்டி, முந்தானையால் துடைத்து, ரிசீவரை மறுபடி வைத்தாள். 'டிங்' என்றது. பக்கத்தில் புதிதாக ஒரு சிவப்பு விளக்கு, சிமிட்டாமல் நின்று எரிந்தது. சிமிட்டிக்கொண்டிருந்தது வேறு விளக்கு.

"அப்போ அது என்னாடி?" என்றாள் காமு.

கனகவல்லி குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி, சிமிட்டும் விளக்குக்குக் கீழே இருந்த பொத்தானை அழுத்தினாள். பீப் என்றது. பிறகு, ஷீலாவின் குரல்.

"அண்ணி? ஏன் ஒரு மாதிரி பேசறீங்க? நான்தான், ஷீலா... அண்ணி?"

பீப்.

"அண்ணி, வெள்ளிக்கிழமை சரியான்னு அத்தை கேக்கறாங்க. நீங்க பாட்டுக்குப் பேசிட்டு நிறுத்திடறீங்க. நான் பேசறது கேக்குதா?"

பீப்.

"பேச இயலாத நிலைன்னா என்ன அண்ணி அர்த்தம்? நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

காமு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பீப், பீப் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக வந்ததில் வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல ஒரு ரகசியக் குரல்.

"ஹலோ... எக்ஸ்சேஞ்சா? அம்மா நம்பர் குடுங்க... ப்ளீஸ்..."

அவ்வளவுதான். கனகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ... என் கண்ணு... பதில் சொல்ல ஆளில்லாம போச்சேடி..."

"அது என்னாடி எக்ஸ்சேஞ்சு?" காமு மெதுவாகக் கேட்டாள். கனகவல்லி விக்கி விக்கிச் சொன்னாள், டம்ளரைக் காதில் வைத்த கதையை. கேட்டு முடித்த காமு பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் கனகா. அவளுக்கு அம்மா நீதான்டி. எங்கம்மா மேல சத்தியமா நீதான்."

குப்புராஜ் எங்கே என்று பார்த்தால், ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் துழாவிக்கொண்டிருந்தார். பழைய போனைத் தூசியோடு இறக்கி, ஒயரை மாட்டி, காதில் வைத்துப் பார்த்து, மனைவியின் முன் கொண்டுவந்து வைத்தார்.

"பொட்டு வச்சது நான்... பழி போட்டதும் நான்," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "அந்த வார்த்தைய மனசுல வச்சுக்காத கனகா. முதல்ல அவளைக் கூப்பிடு."

"முதல்ல போய் அந்த மீதி முகத்தைச் சிரைங்க," என்றாள் கனகவல்லி. அழுகையும் சிரிப்புமாக வந்தது அது.

டயல் சுழன்றது. எதிர்முனையில் ஷீலாவின் மாமியார் எடுத்தார். குரலைக் கேட்டதுமே, "அவ யார்கிட்டயும் பேசமாட்டேங்கறா, வைங்க" என்றார்.

"அம்மா, ஒரே ஒரு உதவி. எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பேசறாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"எங்கேர்ந்து?"

"எக்ஸ்சேஞ்ச்ல இருந்து."

போனைக் கீழே வைக்கும் சத்தம். காத்திருந்தாள். பிறகு அவசரமாக நடந்து வரும் காலடி. மெட்டிச் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"...ஹலோ?"

கனகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வணக்கம். தாங்கள் நேற்றுக் கேட்ட எண் கிடைத்துவிட்டது. தாமதத்துக்கு வருந்துகிறோம். பேசுங்கள்." அதற்கு மேல் அந்தக் குரல் நிற்கவில்லை. "கண்ணு... சாப்பிட்டியாடா?"

"இல்லம்மா," என்றாள் ஷீலா. "இன்னும் சாப்பிடலம்மா..."

அண்ணி என்று சொல்லவில்லை. ரிசீவர் பக்கம் காதை வைத்திருந்த காமுவின் காதிலும் விழுந்தது, குப்புராஜின் காதிலும் விழுந்தது. கையில் டம்ளர் இல்லை, விளையாட்டும் இல்லை. கனகவல்லி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சந்தனப் பொட்டின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். மறுமுனையில் ஷீலா அழுகையினூடே சிரித்த சிரிப்பு, ரிசீவரை மீறிக் கூடத்தில் கேட்டது.

வெள்ளிக்கிழமை முடிச்சூரில் வளைகாப்பு நடந்தது. முதல் வளையல் யார் போடுவது என்று ஒரு பேச்சு வந்தபோது, ஷீலாவின் மாமியாரே கனகவல்லியின் கையைப் பிடித்து மணைக்கு எதிரே உட்கார வைத்தார். "என் வாயும் சும்மா இருக்கல சம்பந்தியம்மா... தாய் நீங்கதான், போடுங்க," என்றார். அன்று சாயங்காலமே ஷீலா தாம்பரத்துக்கு வந்து, வெள்ளையடித்த பின்னறையில் காலை நீட்டிப் படுத்தாள்.

வந்ததும் அவள் செய்த முதல் காரியம், மெஷினில் இருந்த அந்தச் செந்தமிழை அழித்ததுதான். "அம்மா, என்கிட்டப் பேசற மாதிரி பேசுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்ல வைத்தாள். இப்போது யார் கூப்பிட்டாலும், "கண்ணு, நாங்க இங்கதான் எங்கயாவது இருப்போம். பேரைச் சொல்லி வை, வந்தவுடனே கூப்பிடறேன். சாப்பிட்டியா?" என்று கேட்கும்.

குப்புராஜின் ஆபீசர் பக்தவச்சலம், ரிட்டயராகப் போகிறவர், சிடுமூஞ்சி என்று பேரெடுத்தவர். ஒருநாள் ஏதோ அவசரத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். மாலையில் விளக்குச் சிமிட்டுவதைப் பார்த்து கனகவல்லி பொத்தானை அழுத்தினாள். தொண்டையைக் கனைக்கும் சத்தம். "பக்தவச்சலம் பேசறேன். குப்புராஜ் வந்தா கூப்பிடச் சொல்லுங்க." கொஞ்சம் இடைவெளி. பிறகு, சற்றுத் தயங்கிய குரலில், "சாப்பிட்டேம்மா."