உறங்கவைத்த பிள்ளை

பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அழுகுரல் மட்டும் கேட்டது. வாசற்பக்கம், மழைக்குள்ளிருந்து.

ஆட்டுக்குட்டியாக இருக்கும் என்று ஆரெஸ்கி தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆனால் ஆடுகளைப் போன மாதமே விற்றாகிவிட்டது. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டியது. அறைக்குள் வெந்நீரும் வியர்வையும் விளக்கெண்ணெய்ப் புகையும் கலந்து கிடந்த வாடைக்கு அடியில், கடல் எங்கோ மலைக்கு அப்பால் இருக்க, உப்புநீரின் வாடையும் வந்தது. கட்டிலில் அவன் மனைவி ஒர்தான்ஸ் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சுக்காரனை எதிர்த்து எழுந்ததற்காக அவனையும், பாரிஸில் திருடியதற்காக அவளையும் இந்த நியூ கலிடோனியாத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். தண்டனை முடிந்தும் ஊருக்கு விடவில்லை. ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து, இங்கேயே கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்து என்றுவிட்டார்கள்.

"அசைவே இல்லையே!" என்றாள் பிரசவம் பார்க்க வந்த பக்கத்து நிலத்துக்காரி ஃபெலிசி. "ஏம்ப்பா, மரம் மாதிரி நிக்கிறியே! அப்பன் குரல் கேட்டா அசையும். கூப்பிடு!"

அவன் வாசற்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அல்ஜீரியாவில், அவனுடைய கபிலிய மலையில், புருஷன் தூரதேசம் போனால் வயிற்றுப் பிள்ளையை ஓதி உறங்கவைத்துவிடுவார்கள். எத்தனை வருஷமானாலும் வளராமல் அது உறங்கும். அவனைக் கப்பலேற்றிய அன்று சிறைவாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவன் முதல் மனைவி தாவுஸ். "தூங்க வச்சிடு. நான் வந்து 'எழுந்திரு கண்ணு'ன்னு கூப்பிடுறேன். அதுவரைக்கும் முழிக்கக் கூடாது" என்று சொன்னவன் அவன்தான். திரும்ப முடியாது என்று பாவிக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்!

"என்னங்க..." ஒர்தான்ஸின் உதடு நீலம் பாரித்திருந்தது. "ஒரு வார்த்தை பேசுங்க. எம் பிள்ளை செத்துடும்."

அந்த வார்த்தை வேறொரு பிள்ளைக்குச் சொந்தம். இருந்தும் குனிந்து அவள் வயிற்றருகே வாயை வைத்தான். பிள்ளையைக் கூப்பிட அவனிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை.

"எழுந்திரு கண்ணு," என்றான், தன் மலைமொழியில்.

வயிறு அசைந்தது.

"அசையுது! அசையுதுடி ஒர்தான்ஸ்!" ஃபெலிசி சிரித்தே விட்டாள்.

வெளியே அழுகுரல் நின்றது. வாசலில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. கதவு மெல்லத் திறந்தது.

தாவுஸ்.

தலை முழுக்க நரை. முகமெல்லாம் சுருக்கம். உடம்பிலிருந்து உப்புநீர் சொட்டியது. வயிறு மட்டும் அன்று பார்த்தபடியே. அதற்குள் ஏதோ புரண்டது.

"கூப்பிட்டீங்களே," என்றாள், கோபமே இல்லாமல். "முழிச்சிக்கிச்சு."

கிட்டே வந்து அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். குளிர்ந்த தோலுக்கு அடியில் துடித்தது. அவன் கையை எடுக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஃபெலிசி கத்திக்கொண்டிருந்தாள். "ஐயோ, மறுபடியும் நின்னுடுச்சே! கூப்பிடுப்பா! இன்னொரு தடவை கூப்பிடு!"